கேம்பலின் கிட்டங்கி: சிட்னி, கான்பெரா பயணக் குறிப்புகள்

முதல் நாள்: சிட்னித் துறை

தூத்துக்குடியில் கிட்டங்கிகளுக்கு நடுவே, உப்பு வாடையிலும் கருவாட்டு வாடையிலும் வளர்ந்தவன் நான். எந்தத் துறைமுக ஊருக்குப் போனாலும், அங்கே பழைய காலத்தில் சரக்கு அடுக்கி வைத்த கட்டடம் எது என்று கேட்டு, அதைப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போவேன். சிட்னியில் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது: கேம்பல் கிட்டங்கி.

சர்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேற்குக் கரையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால், பெரிய பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கும் முனையத்தைத் தாண்டி, கேம்பல் கோவ் என்ற சிறிய வளைகுடா வருகிறது. தண்ணீரை நோக்கி வரிசையாகப் பதினொரு முக்கோண முகப்புகள். கீழ் இரண்டு தளங்களும் தேன் நிற மணற்கல்லால் ஆனவை. மேல் தளம் பிற்காலத்தில் செங்கல்லால் எழுப்பப்பட்டது. முதலில் பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன, ஒன்று இடிக்கப்பட்டுவிட்டது. எதிர்க்கரையில் ஓபரா மாளிகை, தலைக்கு மேலே துறைமுகப் பாலம். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டையும் பார்த்துத்தான் படம் எடுக்கிறார்கள். நான் சுவர் அருகே போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் உளி கொத்திய கோடுகள் சாய்வாக ஓடுகின்றன. ஒரு கல்லில் நெருக்கமாகவும் ஆழமாகவும், அடுத்த கல்லில் அகலமாகவும் மேலோட்டமாகவும் இருப்பதைப் பார்த்தால், அவை வேறு வேறு கைகள் கொத்தியவை என்பது தெரிகிறது. ஊர்க் கிட்டங்கிகளில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரியும் கல்லும் இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கட்டடம் 1839இல் தொடங்கி 1861 வரை பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. தொடங்கியபோது இதன் உரிமையாளரான வணிகர் ராபர்ட் கேம்பலுக்கு வயது 70. அவர் இந்தக் கரையில் முதலில் கட்டிய மேடையும் பண்டகசாலைகளும் இதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முந்தியவை. அவை இன்று இல்லை. அவருடைய வீடும் இல்லை. பெயர் மட்டும் வளைகுடாவுக்கு நிலைத்துவிட்டது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பு இந்தக் கரை கடிகல் மக்களுடையது. வாரன் என்பது அவர்கள் இந்தத் துறைக்கு வைத்திருந்த பெயர்.

கேம்பல் 1769இல் ஸ்காட்லாந்தின் கிரீனக் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். 27 வயதில் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்த தம் அண்ணன் ஜானோடு கேம்பல், கிளார்க் நிறுவனத்தில் சேர்ந்தார். 1798இல் 'ஹண்டர்' என்ற கப்பலில் கல்கத்தாச் சரக்கோடு சிட்னிக்கு வந்து, இடத்தைப் பார்த்து, கரையில் நிலம் வாங்கிவிட்டுத் திரும்பினார். 1800இல் நிரந்தரமாகக் குடியேறினார். ஆஸ்திரேலிய வரலாற்றில் அவரைப் பிரிட்டிஷ் வணிகர் என்றே எழுதுகிறார்கள். எனக்கோ, இந்தக் கல் வரிசையின் முன் நிற்கும்போது, இது ஹூக்ளி நதிக்கரையின் ஒரு கிளைக் கடையாகவே தோன்றுகிறது. அரிசி, சர்க்கரை, சாராயம், துணி, மாடுகள் என்று அவர் விற்றவற்றில் பெரும்பகுதி வங்காளத்திலிருந்து வந்தது. ஏழைக் குடியேறிகளை அந்தக் காலத்தில் 'டங்கரி குடியேறிகள்' என்று அழைத்தார்கள். டங்கரி என்பது அவர்கள் உடுத்திய முரட்டு இந்தியப் பருத்தித் துணி. கைதிகளின் குடியேற்றம் என்று நாம் படிக்கும் ஊர் இந்தியத் தறியில் நெய்த துணியை உடுத்திக்கொண்டுதான் வேலைக்குப் போயிருக்கிறது.

இரண்டாம் நாள்: வாட்டமோலா

இன்று சிட்னிக்குத் தெற்கே, தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் வாட்டமோலா என்ற கடற்கரைக்குப் போனோம். பேருந்து வசதி இல்லாததால் உறவுக்கார அண்ணன் தம் காரில் அழைத்துப் போனார். பாறைகளுக்கு நடுவே ஒரு சிறிய வளைகுடா, அதன் பின்னால் மணல் திட்டு, திட்டுக்குப் பின்னால் நன்னீர்த் தேக்கம், தேக்கத்தில் விழும் சிறிய அருவி. மே மாதக் குளிர். குளிப்பவர்கள் யாரும் இல்லை. "இவ்வளவு தூரம் வந்தது இதற்கா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். அவருக்குச் சொன்ன கதையையே இங்கே எழுதுகிறேன்.

ராபர்ட் கேம்பல் சிட்னிக்கு வந்ததற்குக் காரணம் மூழ்கிப்போன ஒரு கப்பல். 1796 நவம்பரில் கேம்பல், கிளார்க் நிறுவனம் 'சிட்னி கோவ்' என்ற கப்பலை, யாரும் கேட்டு அனுப்பாத நிலையில், விற்றுவிடலாம் என்ற துணிச்சலில் சரக்கு ஏற்றிக் கல்கத்தாவிலிருந்து அனுப்பியது. சரக்கில் சாராயம் மட்டும் ஏறத்தாழ 7,000 கேலன். கப்பலில் பெரும்பாலோர் லஸ்கர்கள், அதாவது இந்தியக் கடலோரங்களிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமிகள். வழியில் புயலில் சிக்கி, கப்பலின் அடிப்பகுதி பிளந்து, நீர் இறைத்து இறைத்துக் கைகள் ஓய்ந்து, 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவில் தரை தட்டினார்கள். அந்தத் தீவுக்கு இன்றும் 'பிழைப்புத் தீவு' என்னும் பொருளில்தான் பெயர்.

அங்கிருந்து உதவி தேடி 17 பேர் நீண்ட படகில் புறப்பட்டார்கள்: ஐரோப்பியர் 5 பேர், லஸ்கர்கள் 12 பேர். அந்தப் படகும் பெருநிலத்தின் கரையில் உடைந்தது. பிறகு நடை. ஏறத்தாழ 700 கிலோமீட்டர், பாதையே இல்லாத கரையோரம், இரண்டு மாதங்களுக்கு மேல். வழியில் பல இடங்களில் அந்த மண்ணின் மக்கள் அவர்களுக்கு மீனும் சிப்பியும் கொடுத்தார்கள். ஆறுகளைத் தங்கள் மரப்பட்டைப் படகுகளில் கடத்திவிட்டார்கள். சில இடங்களில் மோதலும் நடந்தது. கடைசியில் மூன்று பேர் இந்த வாட்டமோலாவில், மீன் பிடிக்க வந்திருந்த ஒரு படகின் கண்ணில் பட்டார்கள். ஒருவர் சரக்குப் பொறுப்பாளர் வில்லியம் கிளார்க். இன்னொருவர் ஜான் பெனட் என்ற மாலுமி. மூன்றாமவர் ஒரு லஸ்கர்.

முதல் இருவரின் பெயரும் நூல்களில் தவறாமல் வருகிறது. அந்த மூன்றாமவரைப் பெரும்பாலான நூல்கள் 'ஒரு லஸ்கர்' என்ற அளவில் முடித்துவிடுகின்றன. எந்தக் கரையில் பிறந்தவரோ, எந்த மொழியில் தண்ணீர் கேட்டவரோ! சிட்னிக்கு இந்தக் கரை வழியாக நடந்து வந்து சேர்ந்த மூன்று பேரில் ஒருவர் இந்தியர் என்பதை, ஆஸ்திரேலியாவில் இன்று வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மணல் திட்டின் மேல் ஏறி நின்று, தெற்கே நீளும் பாறைச் சரிவுகளைப் பார்த்தேன். ஒன்றன் பின் ஒன்றாக முனைகள். ஒவ்வொரு முனையையும் சுற்றினால் இன்னொன்று. காலில் செருப்போடு, பையில் தண்ணீர்ப் புட்டியோடு அரை மணி நேரம் நடந்ததற்கே எனக்குக் கணுக்கால் வலித்தது.

கிளார்க் சொன்ன செய்தியைக் கேட்டு ஆளுநர் ஹண்டர் தீவுக்கு மீட்புக் கப்பல்கள் அனுப்பினார். அவற்றில் ஒன்றான 'எலிசா' திரும்பும் வழியில், மீட்கப்பட்டவர்களோடு சேர்ந்து காணாமல் போயிற்று. மீட்கப் போனவர்கள் அந்தத் தீவுகளில் கடல்நாய்க் கூட்டங்களைக் கண்டு வந்து சொன்னார்கள்; தோலுக்கும் எண்ணெய்க்குமான வேட்டை அப்படித்தான் தொடங்கியது. பின்னர் கேம்பலின் முக்கியமான ஏற்றுமதியும் அதுவே ஆயிற்று. சில ஆண்டுகளிலேயே அந்தத் தீவுகளின் கடல்நாய்கள் அநேகமாக அற்றுப்போயின. அவர் கணக்கில் அது வரவு. கடலின் கணக்கில் என்ன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாம் நாள்: பிரிட்ஜ் தெரு

காலையிலிருந்து மழை. சிட்னி அருங்காட்சியகத்தில் நாள் கழிந்தது. முதல் ஆளுநர் மாளிகை இருந்த அதே இடத்தில் இது கட்டப்பட்டிருக்கிறது. பழைய அடித்தளத்தின் ஒரு பகுதியைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

கேம்பலின் வாழ்க்கை கவிழ்ந்தது இந்த இடத்தில். அதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துச் சந்தையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் வந்ததும் படை அதிகாரிகள் கூட்டாகச் சேர்ந்து முழுச் சரக்கையும் வாங்கிக்கொண்டு, பிறகு பல மடங்கு விலைக்கு உழவர்களிடம் விற்பார்கள்; பணம் இல்லாத உழவர் விளைச்சலை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார். கூலிக்குப் பதில் சாராயம் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது. கேம்பல் சொந்தப் பண்டகசாலையில் ஆண்டு முழுவதும் சரக்கு வைத்து, யார் வந்தாலும் ஒரே விலைக்கு, தேவைப்பட்டால் கடனுக்கும் கொடுத்தார். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை உழவர்கள் அவருக்கு நன்றி தெரிவித்து எழுதியதற்கு அதுதான் காரணம். அவரும் சாராயம் விற்றவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடன்பட்டவனின் நிலத்தை விழுங்குவதற்காகக் கடன் கொடுக்கும் வணிகனுக்கும், அடுத்த ஆண்டும் அவன் வாடிக்கையாளனாக வர வேண்டும் என்று கடன் கொடுக்கும் வணிகனுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாடு சிறியதன்று.

ஒரு காட்சிப் பெட்டியின் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டேன். குடியேற்றத்தில் சொந்த நாணயம் இல்லாத காலத்தில், வந்து போகும் கப்பல்களின் நாணயங்களே புழங்கின. 1800 நவம்பரில் ஆளுநர் கிங் அவற்றுக்கு மதிப்பு விதித்து அறிவிப்பு வெளியிட்டார். அந்தப் பட்டியலில் ஸ்பானிய டாலருக்கு 5 ஷில்லிங், ரூபாய்க்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், மொகர் என்ற பொன் நாணயத்துக்கு 1 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ். நடுவே 'பகோடா' என்று ஒரு நாணயம், அதற்கு 8 ஷில்லிங். பகோடா வேறொன்றும் அன்று, நம் வராகன்தான். சென்னைப்பட்டினத்தில் கொடுக்கல் வாங்கல் நடந்த அதே பொன் வராகனுக்கு, சிட்னித் துறையில் அரசாங்கம் விலை சொல்லியிருக்கிறது. என் பாட்டி 'வராகன் எடை' என்று சொல்லக் கேட்ட காது எனக்கு; அந்தச் சொல்லின் நிழலை இந்தக் கோடியில் எதிர்பார்க்கவில்லை.

1807இல் ஆளுநர் பிளை கேம்பலைத் துறைமுக அதிகாரியாக நியமித்தார். சுங்கமும் வரியும் வசூலிப்பதும், வரக்கூடாத சரக்கைத் தடுப்பதும் அவர் வேலை. படையின் முன்னாள் அதிகாரியான ஜான் மெக்கார்தருக்காக வந்திறங்கிய சாராயம் காய்ச்சும் பாத்திரங்களைப் பற்றிய தகராறும், அதன் பின் வந்த வழக்குகளும் படை அதிகாரிகளின் கோபத்தை முற்றச் செய்தன. 1808 ஜனவரி 26 அன்று மாலை, படை வரிசையாக நடந்து வந்து இந்த மாளிகையைச் சூழ்ந்து ஆளுநரைக் கைது செய்தது. அப்போது ஆளுநரின் விருந்து மேசையில் இருந்தவர்களில் கேம்பலும் ஒருவர். வணிகனுக்கு எளிய வழி, ஆட்சி மாறியதும் புதியவர்களோடு சமாதானமாகப் போவது. கேம்பல் அப்படிச் செய்யவில்லை. பதவி போயிற்று, 1810இல் கலகத் தலைவர் மீதான ராணுவ விசாரணையில் சாட்சி சொல்ல இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1815இல் திரும்பி வருவதற்குள் வணிகம் சிதைந்துவிட்டது. அடித்தளக் கற்களைக் கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே மழை நின்றிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நான்காம் நாள்: கான்பெராவுக்கு

பேருந்தில் மூன்றரை மணி நேரம். நீலமலைக் குன்றுகள் இல்லாத பக்கமாகத் தென்மேற்கே போகும் சாலை. மேய்ச்சல் நிலங்கள், வெளிறிய புல், அங்கங்கே யூகலிப்டஸ். சாயங்காலம் ஐன்ஸ்லி மலை ஏறியதோடு சரி. 843 மீட்டர் உயரம். மேலிருந்து பார்த்தால் நினைவுச் சாலையும், ஏரியும், அதற்கு அப்பால் நாடாளுமன்றமும் ஒரே கோட்டில் தெரிகின்றன.

மலைக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் ஐன்ஸ்லி, கேம்பலின் மேய்ப்பர்.

ஐந்தாம் நாள்: டன்ட்ரூன்

ஒரு கப்பல் மூழ்கியதால் கேம்பல் சிட்னிக்கு வந்தார் என்றேன். இன்னொரு கப்பல் மூழ்கியதால்தான் அவர் இங்கே வந்தார்.

1806 மார்ச்சில் ஹாக்ஸ்பரி ஆறு பெருவெள்ளமாகப் பெருகி, குடியேற்றத்தின் தானியக் களஞ்சியமாக இருந்த பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. பஞ்சம் வரும் என்று அஞ்சிய ஆளுநர் கிங், வங்காளத்திலிருந்து தானியம் கொண்டுவர, கேம்பல் நிறுவனத்தின் 'சிட்னி' என்ற கப்பலை வாடகைக்கு எடுத்து அனுப்பினார். ஏப்ரலில் புறப்பட்ட கப்பல், மே மாதத்தில் நியூகினிக்கு அருகே பவளப் பாறையில் மோதி அழிந்தது. அரசாங்க வேலையாகப் போன கப்பல் என்பதால் இழப்பீடு தர வேண்டியது அரசாங்கத்தின் கடமை. ஆனால் அந்தக் கணக்கு தீர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. கடைசியில் கிடைத்தது 4,000 ஏக்கர் நிலமும் சுமார் 700 ஆடுகளும். 1825இல் பாதர்ஸ்டிலிருந்து அந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு, நல்ல மேய்ச்சல் தேடி ஐன்ஸ்லி வந்து நின்ற இடம்தான் இந்தச் சுண்ணாம்புக்கல் சமவெளி. அது நுன்னவால் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம். அவர்களுக்கு யாரும் இழப்பீடு பேசவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தாவது தர வேண்டும் என்று கணக்கு வைத்தவரும் இல்லை.

கேம்பல் ஸ்காட்லாந்தில் தம் குலத்தாரின் கோட்டை ஒன்றின் பெயரைத் தழுவி இதற்கு டன்ட்ரூன் என்று பெயரிட்டார். 1833இல் கல் வீடு எழுந்தது. 1911இலிருந்து அந்த வளாகம் ராணுவக் கல்லூரி. வீடு அதிகாரிகளின் உணவுக்கூடமாக இருக்கிறது. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. சாலையிலிருந்து மரங்களுக்கு ஊடே கூரை தெரியும் அளவில் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அங்கிருந்து ஏரிக்கரையில் நடந்து பிளண்டல் குடிசைக்குப் போனேன். கேம்பலின் மகன் ஜார்ஜ், 1860 அளவில் தம் தலைமை ஏர்க்காரருக்குக் கட்டிக் கொடுத்த சிறிய கல் வீடு அது. சுற்றிலும் தலைநகரம் வளர்ந்துவிட்டது; வயல் இருந்த இடத்தில் ஏரித் தண்ணீர் நிற்கிறது.

மதியம் புனித யோவான் தேவாலயம். நிலமும் பெரும் பணமும் கொடுத்துக் கேம்பல் கட்டத் தொடங்கிய கோயில் இது. 1841இல் அடிக்கல், 1845இல் பிரதிஷ்டை. பக்கத்திலேயே பழைய பள்ளிக்கூடம். தேவாலயச் சுவரின் கல் சிட்னிக் கல்லைப் போலத் தேன் நிறமாக இல்லை. மங்கிய, கலப்பு நிறம். இலையுதிர் காலம் என்பதால் கல்லறைகளின் மேல் மஞ்சள் இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாடாளுமன்றமோ நகரத் திட்டமோ எண்ணத்திலும் இல்லாத காலத்தில், கல்கத்தாவுக்குத் தானியம் வாங்கப் போய்த் திரும்பாத ஒரு கப்பலுக்கு ஈடாகக் கிடைத்த மேய்ச்சல் நிலம் இது. பின்னாளில் ஒரு நாட்டின் தலைநகரம் அதன் மேலும் அதைச் சுற்றியும் பரவியது. கேம்பல் என்றே ஒரு குடியிருப்புப் பகுதியும், ஐன்ஸ்லி என்று இன்னொன்றும் இருக்கின்றன. அந்தக் கப்பலின் பெயரை இங்கே எந்தத் தெருப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

ஆறாம் நாள்: பரமட்டா

கேம்பல் 1846 ஏப்ரலில் டன்ட்ரூனில் இறந்தார். ஆனால் அடக்கம் அங்கே நடக்கவில்லை. சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில், புனித யோவான் கல்லறைத் தோட்டத்தில். ஆஸ்திரேலியாவில் எஞ்சியிருக்கும் ஐரோப்பியக் கல்லறைத் தோட்டங்களில் மிகப் பழையது இது. ஓ'கானல் தெருவில், பழைய செங்கல் மதிலுக்குள், உயர்ந்த புல்லுக்கு நடுவே கற்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கின்றன. குடியேற்றத்தைத் தொடங்கி வைத்த முதல் கப்பல் தொகுதியில் வந்தவர்களும், கைதிகளும், குழந்தைகளும், செல்வந்தர்களும் ஒரே மதிலுக்குள். 1801இல் அவர் மணந்த சோபியா, குடியேற்றத்தின் தானியப் பொறுப்பாளரான ஜான் பாமரின் தங்கை; பாமர் குடும்பத்துக்கும் இந்த ஊர்தான்.

கேம்பலின் கடைசி முப்பது ஆண்டுகளைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. மீண்டும் வணிகம், 1819இல் சிறுசேமிப்பு வங்கி (மக்கள் அதைக் 'கேம்பல் வங்கி' என்றே அழைத்தார்கள்), 1825 முதல் சட்டமன்ற உறுப்பினர் பதவி என்று அவை மதிப்போடு கழிந்தன. கூலிக்காரரும் கைதியும் கொண்டு வந்து கொடுக்கும் சில்லறையை நம்பி வாங்கி வைக்க, ஊரில் ஒரு கை வேண்டும். பலர் அவர் கையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஹாரிஸ் பார்க் நடக்கும் தூரம்தான். இன்று அது இந்தியர்களின் கடைத்தெரு. ஒரு பலசரக்குக் கடையில் பொன்னி அரிசி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கல்லாவில் இருந்த அம்மா, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். தூத்துக்குடி என்றேன். "நான் காயல்பட்டினம்" என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் ஒரு வாழைப்பழச் சீப்பைப் பைக்குள் வைத்தார்.

திரும்பும்போது ரயிலில் போகாமல் ஆற்றுப் படகில் ஏறினேன். பரமட்டா ஆற்றின் சேற்றுக் கரைகளையும் அலையாத்தி மரங்களையும் கடந்து, ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு துறைமுகம் விரிந்தது. பாலத்தின் அடியில் நுழைந்தபோது இருட்டிவிட்டது. டாஸ் முனையைச் சுற்றியதும் வலப் பக்கத்தில் கேம்பலின் கிட்டங்கி விளக்குகளோடு தெரிந்தது. 'ஹண்டர்' கப்பலும் இந்தத் துறைக்குத்தான் வந்திருக்கும். ஆனால் எதிர்த்திசையில், கடல் வாயிலிலிருந்து. படகின் முன்பக்கம் போய் நின்று முகப்புகளை எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாவதில் இருந்தபோது கயிறு வீசும் ஆள் என்னை ஒதுங்கச் சொன்னார். பதினொன்றையும் எண்ணி முடிப்பதற்குள் படகு துறையில் சேர்ந்துவிட்டது.